ஸ்டார்லிங்க் பூட்ட வருபவர்களிடம் கணக்கைக் கொடுக்காதீர்கள்

வன்னிப் பக்கம் ஸ்டார்லிங்க் (சற்றலைட் வழியாக வரும் இன்டர்நெட்) எடுக்க யோசிப்பவர்கள் இதை ஒருக்கா வாசித்துவிட்டுப் போங்கள். சாமானில் பிழை இல்லை. "பூட்டி, ரவுட்டரும் செற் பண்ணித் தருகிறோம்" என்று வரும் கடைகளில்தான் கரைச்சல்.

மாமாவின் ஊருக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. ஃபோன் சிக்னலும் கிணற்றடிக்குப் போனால்தான் இரண்டு கோடு காட்டும். 2024 ஆகஸ்டில் அனுமதி கொடுத்து, 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் தொடங்கியதும் மாமா டவுனில் ஒரு கடையைப் பிடித்தார். பெட்டியின் விலைக்கு மேலே பூட்டுக்கூலி, சற்றலைட் அலைன்மென்ட், ரவுட்டர் கொன்ஃபிகரேஷன், சிசிடிவி போர்ட் என்று தனித்தனி வரியாகப் பில் போட்டிருந்தார்கள். லைன் விட்டு விட்டுப் போகுது, வந்து பார் என்று மாமா கூப்பிட்டபோதுதான் அந்தப் பில் என் கண்ணில் பட்டது.

முதலில் அலைன்மென்ட். டிவி டிஷ் பார்க்கும் சற்றலைட் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். அதைச் சரியாகக் குறிபார்த்துத் திருப்ப ஆள் வேண்டும், கூலியும் நியாயம். ஸ்டார்லிங்க் சற்றலைட்டுகள் கிட்டத்தட்ட 500 கிலோமீற்றரில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று மறைய, நாம் வெளியில் வைக்கும் ஸ்டார்லிங்க் தட்டே (டிஷ்) அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது, மறைப்பில்லாத வானத்துக்குக் கீழே அதை வைத்து, ஃபோனில் போடும் ஸ்டார்லிங்க் செயலி காட்டும் பக்கம் கொஞ்சம் திருப்பிவிடுவதுதான். புதிய தட்டுக்கு 110 பாகை அகலத்துக்கு வானம் தெரிய வேண்டும். அதற்கும் செயலியில் வழி இருக்கிறது: ஃபோன் கமராவை வானத்துக்குக் காட்டிச் சுற்றினால் எங்கே மரம் மறைக்கிறது என்று படமே போட்டுக் காட்டும். சாமான் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்து பார்க்கலாம்.

அலைன்மென்டுக்குக் காசு வாங்கிய பெடியன் இதைச் செய்யவே இல்லை. தட்டைப் பலாமரத்துக்கு நேர் கீழே, சுவரில் அறைந்த குழாயில் மாட்டியிருந்தான். வெளியான பக்கம் வளவின் பின்னால் இருக்கிறது. அங்கே கொண்டுபோவதென்றால் பெட்டியோடு வரும் 15 மீற்றர் கேபிளைக் கூரைக்கு மேலால் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் அதே இடத்தில் நின்று ஃபோனைச் சுற்றினேன், பாதிப் படம் சிவப்பு, அதாவது மறைப்பு. இடையிடையே லைன் அறுவதற்கு இதுதான் காரணம். கடைக்கு எடுத்துக் கேட்டால், "மேகம் ஐயா, மழைக்காலம் முடிய சரியாகும்" என்கிறார்கள். பலாமரம் மழைக்காலம் முடிய எங்கே போகுமாம்?

அடுத்தது ரவுட்டர். பெட்டிக்குள் வரும் வெள்ளை ரவுட்டரே நல்ல சாமான். கரண்டைப் போட்டு, ஸ்டார்லிங்க் என்று தெரியும் வைஃபையில் இணைந்து, புதுப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் வேலை முடிந்தது. இவர்கள் அதை பைபாஸ் மோடில் போட்டுவிட்டார்கள். அப்படிப் போட்டால் அதன் வைஃபை நின்றுவிடும். "இது வீடு முழுக்க இழுக்காது" என்று சொல்லித் தங்கள் கடை ரவுட்டர் ஒன்றை மாமா தலையில் கட்டிவிட்டார்கள். யாராவது இந்தக் கதையைச் சொன்னால் ஃபேக்டரி ரீசெட் (ரவுட்டரைப் புதிதாக வந்த நிலைக்கே கொண்டுபோவது) செய்து பாருங்கள். பைபாஸை எடுக்க வழி அதுதான், எடுத்ததும் வைஃபை திரும்பி வரும். மாமா வீட்டில் நான்கு அறைக்கும் வெள்ளை ரவுட்டர் ஒன்றே போதும்.

சிசிடிவி போர்ட் (வெளியிலிருந்து கமராவுக்கு வர ரவுட்டரில் விடும் வாசல்) திறந்ததாகப் போட்ட வரி முழுப் பொய். வீட்டுப் பொதியில் (வீட்டுக்கான மாதாந்தப் பிளான்) நமக்கென்று பொது ஐபி, அதாவது வெளியிலிருந்து நேரே வரக்கூடிய இன்டர்நெட் முகவரி இல்லை, ஒரே ஐபிக்குப் பின்னால் பல வீடுகள் இருக்கும். ரவுட்டருக்கு வந்திருந்த முகவரியும் 100 என்று தொடங்கும் உள் முகவரிதான். அதில் என்ன போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. கமரா ஃபோனில் தெரிவது கமராக் கொம்பனியின் செயலியால், அது முதல் நாளிலிருந்தே தெரிந்துகொண்டுதான் இருந்தது.

இதெல்லாம் போன காசு என்று விடலாம். விட முடியாதது ஸ்டார்லிங்க் கணக்கு. வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்த பெடியனைப் பிடித்துக் கேட்டேன்.

"தம்பி, கணக்கு யாற்ற பேரில?"

"எங்கட மெயிலில அண்ணை. ஐயாவுக்குக் கரைச்சல் இல்லாமல்."

செயலியைத் திறக்கச் சொன்னேன். மாமாவிடம் மாதாமாதம் முழு வீட்டுப் பொதிக்குக் காசாக வாங்குகிறார்கள், கணக்கில் கிடப்பதோ லைட் பொதி. லைட் என்றால் ஆட்கள் கூடும் நேரத்தில் நமக்கு வேகம் பின்னுக்குத்தான் கிடைக்கும். மாமாவின் மகளின் ஒன்லைன் மாலை வகுப்பு சிக்கிச் சிக்கி ஓடியதில் பலாமரத்துக்குப் பாதிப் பங்கு, இதற்குப் பாதிப் பங்கு.

கணக்கு அவர்களிடம் இருக்கும்வரை நாம் பொதியை மாற்ற முடியாது, உதவி கேட்டு எழுத முடியாது, சாமானை விற்கவும் முடியாது. அவர்கள் அதைத் தங்கள் கணக்கிலிருந்து விடுவித்தால்தான் இன்னொருவர் பதியலாம். அதனால் பூட்ட ஆள் வருமுன் உங்கள் மெயில், உங்கள் ஃபோன் நம்பர், உங்கள் வங்கிக் காட் போட்டு நீங்களே கணக்கைத் திறந்துவிடுங்கள். காட் இல்லாவிட்டால் பிள்ளைகளின் காட்டைப் போடுங்கள், கடைக்காரனின் காட் வேண்டாம். ரவுட்டரிலும் தட்டிலும் உள்ள சீரியல் நம்பரைப் படம் எடுத்து வையுங்கள். வருபவனுக்குக் குழாய் அறைந்து கேபிள் இழுத்த கூலியை மட்டும் கொடுங்கள்.

கடையோடு இரண்டு கிழமை இழுபட்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்குச் சொல்லப்போகிறோம் என்றதும் கணக்கை விடுவித்தார்கள். இப்போது மாமாவின் மெயிலில் இருக்கிறது, தட்டும் பின் வளவுக்குப் போய்விட்டது. மேலதிகமாக வாங்கிய மாதக் காசும் அந்த ரவுட்டர் காசும் இன்னும் வரவில்லை. பில் கையில் இருக்கிறது, இந்தக் கிழமை முறைப்பாடு போடுகிறோம்.