தமிழ்நாடு ஆவணக் காப்பகம், எழும்பூர்: ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நாலு. ஆனால் இந்த நாலு யாருக்கு என்பதுதான் விஷயம். தாத்தா பெயரைச் சொன்னவுடன் கோப்பை எடுத்து நீட்டுவார்கள் என்று நினைத்துப் போகிறவருக்கு ஒன்றரைகூடத் தேறாது. எந்தத் துறை, எந்த வருஷம், எந்த மாவட்டம் என்று ஓரளவுக்காவது தெரிந்துகொண்டு போகிறவருக்கு, சென்னையில் இதைவிடப் பிரயோஜனமான அரசு அலுவலகம் எனக்குத் தெரிந்து கிடையாது.

போகாதவர்களுக்குச் சின்ன அறிமுகம். எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், காந்தி இர்வின் சாலையில் நிற்கும் சிவப்புச் செங்கல் கட்டடம். 1909இல் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ் என்று தொடங்கியது, 1973இல்தான் இப்போதைய பெயர் வந்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் எழுதிக் குவித்த காகிதங்கள் 1670 தொட்டு இங்கே இருக்கின்றன. அவர்கள் இந்தக் கடற்கரையில் இடம் வாங்கியது 1639இல், அதனால் முதல் முப்பது வருஷக் கதைக்கு இங்கே பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். இன்னொன்று, சென்னை மாகாணம் என்பது இன்றைய தமிழ்நாடு மட்டும் இல்லை. ஆந்திராவின் பெரும்பகுதி, மலபார், தென் கன்னடம் எல்லாம் அதற்குள் இருந்தன. வாசிப்பறையில் பக்கத்து நாற்காலிக்காரர் கோழிக்கோட்டுக்காரராக இருந்தால் வழி தவறி வந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். கொச்சியில் கடை விரித்திருந்த டச்சுக்காரர்களின் ஆவணங்கள்கூட இங்கேதான் வந்து சேர்ந்திருக்கின்றன.

சரி, தேடுவது எப்படி என்பதற்கு வருவோம். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

இங்கே காகிதங்கள் அடுக்கப்பட்டிருப்பது அரசாங்கத்தின் வசதிக்கு. வருவாய், நீதி, பொது, ராணுவம், பொதுப்பணி என்று துறைவாரியாக, துறைக்குள்ளே தேதிவாரியாக. 1890களில் உங்கள் ஊர் ஏரிக்கரை உடைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் யாராலும் உதவ முடியாது. உடைந்ததும் தாசில்தார் கலெக்டருக்கு எழுதியிருப்பார், கலெக்டர் யாருக்கு எழுதியிருப்பார் என்று யோசியுங்கள். 1786இல் ஆரம்பித்து 1980 வரை உயிரோடு இருந்த, வருவாய் நிர்வாகத்தின் தலைமையான ரெவின்யூ போர்டுக்கு. போர்டு அதன்மேல் ஒரு ப்ரொசீடிங்ஸ் (நடவடிக்கைக் குறிப்பு) போட்டிருக்கும், பணம் பெரிதாகத் தேவைப்பட்டிருந்தால் விஷயம் கோட்டைக்குப் போய் ஒரு ஜி.ஓ., அதாவது அரசாணை, ஆகியிருக்கும். அந்த ஜி.ஓ.வின் எண்ணும் தேதியும் அந்த வருஷத்து இண்டெக்ஸில் இருக்கும். இண்டெக்ஸைப் புரட்டி எண்ணைக் குறித்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால் கட்டு மேசைக்கு வரும். காகிதம் அன்றைக்கு நடந்த வழியிலேயே நீங்களும் நடக்க வேண்டும், அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் வருகிறவர்கள்தான் 'ஒன்றுமே இல்லைங்க' என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

எல்லாமே இருக்கும் என்றும் நினைக்கக் கூடாது. இன்றைக்கும் அரசுக் கடிதங்களில் மூ.மு., ப.மு. என்று பார்த்திருப்பீர்களே, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு. அந்தக் காலத்துக் கோப்புகளிலும் ஆங்கிலத்தில் இதே கதைதான். கே.டிஸ். என்றால் மூன்று வருஷம், டி.டிஸ். என்றால் பத்து வருஷம், ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். உங்கள் கொள்ளுத்தாத்தா தாலுகா ஆபீசில் கொடுத்த மனு கே.டிஸ். ஆகியிருந்தால், அது எப்போதோ கழித்துக்கட்டப்பட்டிருக்கும். அதே மனு மேலே போய் ஜி.ஓ.வோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. சண்டை போட்டவன் காகிதம் தங்குகிறது, சாதுவாக வரி கட்டியவன் காகிதம் போய்விடுகிறது.

இந்தக் காப்பகத்தில் சாதாரண மக்களுக்கு மிகவும் பயன்படுவது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் யோசிக்காமல் இனாம் பதிவேட்டைச் சொல்வேன். ஐ.எஃப்.ஆர். (இனாம் ஃபேர் ரெஜிஸ்டர்) என்று வக்கீல்கள் வாயில் சதா புழங்குவது இதுதான். ராஜாக்களும் நவாபும் பாளையக்காரர்களும் கோவிலுக்கு, சத்திரத்துக்கு, தண்ணீர்ப் பந்தலுக்கு, ஊர் வண்ணாருக்கு, தச்சருக்கு, வேதம் ஓதுகிறவருக்கு என்று வரி இல்லாமலோ குறைந்த வரியிலோ விட்டுக்கொடுத்த நிலங்களை, 'இது உண்மையா, யார் கொடுத்தது, இப்போது யார் கையில்' என்று விசாரித்துப் பதிய 1858இல் இனாம் கமிஷன் போட்டார்கள். ஊர் ஊராக விசாரணை நடந்து 1860களில் பெரும்பாலும் எழுதி முடிக்கப்பட்டது.

எங்கள் பக்கத்துச் சத்திர நிலம் ஒன்றைப் பற்றி வேறொரு அலுவலகத்தில் 'பதிவேடு இல்லை' என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கான பக்கத்தை இங்கே பார்த்தேன். பெரிய தாள், நீளவாக்கில் கட்டம் கட்டிய பத்திகள். இனாமின் வகை, நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, முதலில் கொடுத்தவர், வாங்கியவர், இப்போது அனுபவிப்பவர், அவர் வயது, குடியிருக்கும் ஊர், முதலில் வாங்கியவருக்கு என்ன உறவு, வாரிசுகள் யார், கடைசியில் டெபுடி கலெக்டரின் கருத்தும் முடிவும். முடிவுப் பத்தியில் வேறொரு கை, வேறொரு மை, சத்திரம் நடக்கும் வரைக்கும் நிலம் அதற்கே என்று உறுதி செய்து ஒரு டி.டி. (டைட்டில் டீட், உரிமைப் பத்திரம்) நம்பர். அந்த நம்பர்தான் சாவி. 1919இல் லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலே இந்தப் பதிவேடுகளுக்குப் பெரிய மதிப்பு கொடுத்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, அதை இன்றைக்கும் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டுகிறார்கள். இந்தப் பக்கங்களுக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்கலாம். ஆனால் உங்கள் நிலம் இனாம் இல்லாமல் வெறும் ரயத்துவாரி (விவசாயி நேரடியாக அரசுக்கு வரி கட்டும் நிலம்) என்றால் இந்தப் பதிவேட்டில் தேடிப் பயன் இல்லை, வரி நிர்ணயித்து எழுதிய செட்டில்மென்ட் பதிவேட்டைக் கேளுங்கள். ஜமீன் என்றால் அது வேறு வழி.

அப்புறம் நீதிமன்ற ஆவணம். இதில் ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. உங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டில் 1930இல் நடந்த பாகப்பிரிவினை வழக்கின் கட்டை இங்கே வந்து கேட்காதீர்கள். அது இருந்தால் அந்தந்த நீதிமன்றத்தின் பதிவறையில்தான். இங்கே இருப்பது நீதித்துறை என்ற அரசுத் துறையின் கடிதப் போக்குவரத்து. போலீஸ், சிறை, நீதிபதி நியமனம், தண்டனைக் குறைப்பு, கலவரம் எல்லாம் அதில் வரும். அதோடு, ஹைகோர்ட் பிறப்பதற்கு முன்னால் கோட்டையில் நடந்த மேயர் நீதிமன்றத்தின் ஆவணங்கள். 1688இல் மாநகராட்சியோடு சேர்த்தே அந்த நீதிமன்றமும் வந்தது. 1726இல் இங்கிலாந்து ராஜாவின் சாசனத்தால் புதுப்பிக்கப்பட்டு, 1798இல் ரெக்கார்டர் கோர்ட், 1801இல் சுப்ரீம் கோர்ட், 1862இல் ஹைகோர்ட் என்று போனது. மேயர் நீதிமன்றக் குறிப்புகள் எனக்குத் துப்பறியும் கதையைவிட விறுவிறுப்பு. கடன் வாங்கியவன் கப்பல் ஏறிவிடுகிறான், செத்துப்போனவரின் சரக்குக்கு ஆளாளுக்குச் சண்டை. நம் வணிகர்களும் வெள்ளைக்காரரும் ஒரே பக்கத்தில் ஒருவர்மேல் ஒருவர் பிராது கொடுத்திருக்கிறார்கள்.

அரசியல் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்குப் புதையல் வேறு இடத்தில். 1801இல் மருது பாண்டியர் திருச்சிக் கோட்டைச் சுவரில் ஒட்டிய அறிவிப்பின் வாசகம் நமக்குக் கிடைத்ததே கம்பெனிக் கோப்புகளில் மொழிபெயர்த்து வைத்திருந்ததால்தான். கட்டபொம்மனை 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டதைப் பற்றி கம்பெனிப் படையின் மேஜர் பானர்மன் எழுதிய கடிதமும் அப்படியே. எதிராளி எழுதி வைத்தது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும், அது வேறு. 1908 திருநெல்வேலிக் கலவரம், வ.உ.சி. வழக்கு, நீதிபதி பின்ஹே கொடுத்த நாற்பது வருஷத் தண்டனை, 1911இல் கலெக்டர் ஆஷ் கொலை, எல்லாவற்றுக்கும் நீதித்துறைக் கோப்புகள்தான் முதல் கதவு. சார்புச் செயலரின் (அண்டர் செக்ரட்டரி) இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்த ரகசியக் கோப்புகள் என்று தனி வரிசையே உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது சுதேசிப் பத்திரிகை அறிக்கைகள். தமிழ், தெலுங்கு, மலையாளப் பத்திரிகைகளில் என்ன எழுதுகிறார்கள் என்று அரசாங்கம் ஆள் வைத்துப் படித்து, வாராவாரம் ஆங்கிலத்தில் சுருக்கி அச்சடித்துக்கொண்டது. அந்தப் பத்திரிகைகளில் பலவற்றின் ஒரு இதழ்கூட இன்று கையில் இல்லை, வேவு பார்த்தவனின் சுருக்கம் மட்டும் இருக்கிறது.

எழும்பூர் வர முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 1911 வாக்கில் இந்தக் காப்பகத்தின் பொறுப்பேற்ற ஹென்றி டாட்வெல் காலத்திலும் அதற்குப் பிறகும் செயின்ட் ஜார்ஜ் கோட்டை ஆவணங்களை வரிசையாக அச்சில் கொண்டுவந்தார்கள். நாள்வழிக் கலந்தாய்வுப் புத்தகங்கள், அனுப்பிய கடிதங்கள், வந்த கடிதங்கள், மேயர் நீதிமன்றக் குறிப்புகள் என்று பல தொகுதிகள். நிறையத் தொகுதிகள் ஸ்கேன் வடிவில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டுக் கையெழுத்தோடு மல்லுக்கட்ட முடியாதவர்கள் இதில் ஆரம்பிப்பது நல்லது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்துக்கொண்டதால் 1749 வரை சென்னையில் ஒன்றும் இருக்காது. அந்த வருஷங்களுக்குக் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைத் தொகுதியைப் பார்க்க வேண்டும்.

போவதற்கு முன்னால் சில விஷயம் தெரிந்திருந்தால் நேரம் மிச்சம். வருவாய்க் கணக்கில் வருஷம் பசலி என்ற வரி ஆண்டுக் கணக்கில்தான் இருக்கும், 590ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம். பசலி 1270 என்றால் 1860 ஜூலையிலிருந்து 1861 ஜூன் வரை. 1752க்கு முந்தைய ஆங்கிலத் தேதிகளில் புது வருஷம் மார்ச் 25இல்தான் பிறக்கும், ஜனவரி, பிப்ரவரித் தேதிகளில் ஒரு வருஷம் இடிக்கும். நாணயக் கணக்கு பகோடா (தங்க நாணயம்), பணம், காசு. 36 பணம் (பிற்காலத்தில் 42) ஒரு பகோடா, 80 காசு ஒரு பணம். ஊர்ப் பெயர்களை நீங்கள் எழுதுகிற மாதிரி தேடாதீர்கள், திருநெல்வேலியை டின்னவேலி, தஞ்சாவூரை டான்ஜூர், செங்கல்பட்டை சிங்கில்பட் என்று வெள்ளைக்காரன் வாயில் போட்டுப் பாருங்கள். குக்கிராமம் என்றால் நாலைந்து விதமாகத் தேட வேண்டியிருக்கும்.

கட்டு வந்ததும் அவசரப்படாதீர்கள். பழைய மையில் இரும்புச் சத்து, அது காகிதத்தை மெல்ல அரிக்கும். சில பக்கங்களில் எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை. மெல்லிய துணியும் டிஷ்யூவும் ஒட்டிச் செப்பனிட்ட பக்கங்கள் பனிமூட்டத்துக்குப் பின்னால் தெரிகிற மாதிரி இருக்கும், சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் படிக்க முடியும். நொறுங்கும் நிலையில் உள்ள தொகுதியைத் தர மாட்டார்கள், அதில் நியாயம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டுக்குப் பயந்து சித்தூர்ப் பக்கம் கொண்டுபோய் வைத்துத் திரும்பக் கொண்டுவந்த காகிதங்கள் இவை.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்ததற்குக் காரணம் ஆட்கள் இல்லை, அமைப்பு. ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலத்தில், அதுவும் ஆங்கிலேய குமாஸ்தாவின் தலைப்புகளில். இனாம் நிலத்துக்காக வரும் ஒரு விவசாயி ஆங்கில இண்டெக்ஸை எப்படிப் புரட்டுவார்? ஊர்வாரியாக, தமிழில், இனாம் பதிவேட்டுக்காவது ஒரு தேடுபட்டியல் இருந்தால் ஐந்துக்கு ஐந்து போட எனக்கு ஒரு தயக்கமும் இருக்காது.

ஆராய்ச்சி மாணவர்கள் கல்லூரிக் கடிதமும் அடையாள அட்டையும் எடுத்துப் போங்கள். நகல் மட்டும் வேண்டியவர்கள் மாவட்டம், தாலுகா, கிராமத்தின் பழைய பெயர், சர்வே எண், டி.டி. எண் என்று எது தெரிந்தாலும் ஒரே தாளில் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள். பேனாவைப் பைக்குள்ளேயே வையுங்கள், பென்சில் போதும். வெளியூர்க்காரர்கள் தங்குவதற்குக் கென்னட் லேன் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அரசு விடுமுறைப் பட்டியலைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள், வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து இறங்கினால் திங்கள் வரை எழும்பூரில் டீ குடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.