மதியம் அரை மணி நேரம் கண்ணயர எந்தப் பாய் வாங்கலாம்?

சாப்பிட்டுவிட்டு மெத்தையில் சாய்ந்தால் நாலரை மணிக்குத் தலைபாரத்தோடு எழுந்திருக்க வேண்டியதுதான். பாயில் அது நடப்பது குறைவு. தரையின் கெட்டி ஒரே பக்கமாக வெகுநேரம் கிடக்க விடாது. இருபது, முப்பது நிமிஷத்தில் தோளோ இடுப்போ உறுத்திப் புரள வைத்துவிடும். ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே எழுந்தால்தான் அந்த மந்தம் வரும், அதற்குள் போகாமல் பாய் தடுத்துவிடுகிறது. ராத்திரிக்குப் பாயின் குறையாகத் தெரிவதே மதியத்துக்கு அதன் குணம். கடையில் கிடைக்கும் பாய்களை இந்த ஒரு கண்ணோடுதான் இங்கே பார்க்கிறோம்.

பிளாஸ்டிக் பாயை முதலிலேயே தள்ளிவிடலாம். கழுவலாம், மழைக்குப் பயமில்லை, விலையும் குறைவு. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. சித்திரை வெயிலில் பத்தே நிமிஷத்தில் முதுகுச் சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும். பந்திக்கும் மொட்டைமாடிக்கும் அது போதும்.

அடுத்தது கோரைப் பாய். கோரைப் புல்லின் உள்ளே பஞ்சு போன்ற பகுதி உண்டு. வியர்வையை இழுத்துக்கொண்டு காற்றில் விட்டுவிடுவது அதுதான். சில கடைகளில் கோரைப் பாய் உடல் சூட்டில் ஆரம்பித்து விஷ சுரம் வரை போக்கும் என்று பட்டியல் படிப்பார்கள். வாங்குவதற்கு வியர்வையும் காற்றும் போதுமான காரணம்.

முசிறி, வந்தவாசிப் பக்கத்துத் தறிப் பாய்கள்தான் நம் முதல் தேர்வு. மூன்றடிக்கு ஆறடி ஒற்றைப் பாய் ஒருவருக்குச் சரி. வாங்கும்போது நான்கு சோதனை. முதலில் பாயை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள்: ஊடை, அதாவது குறுக்கே ஓடும் கோரை, ஒரே சீராக நெருங்கியிருக்க வேண்டும், ஓரிடத்தில் சந்து அகலமாகத் தெரிந்தால் கோரை அங்கேதான் முதலில் நழுவும். முகர்ந்து பாருங்கள், உலர்ந்த புல் வாசனை நல்லது, பூஞ்சை நெடி என்றால் ஈரத்தில் கிடந்த சரக்கு. சாயக் கோட்டில் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்தித் தேயுங்கள்; சிவப்பு ஒட்டினால் உங்கள் வேட்டியிலும் ஒட்டும். கடைசியாக, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கோரையை மடக்குங்கள். புல் முறியும், உள்ளே வெள்ளையாகத் தெரியும். வளைந்து நிமிர்ந்தால் அது கோரை நிறத்தில் செய்த பிளாஸ்டிக்.

பாவு நூல், அதாவது கோரையைப் பிடித்திருக்கும் நீளவாட்டு நூல், எது என்றும் கேட்டுவிடுங்கள். நைலான் அறாது, ஆனால் வழுக்கும்; கரைத் துணி பிரிந்ததும் கோரை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்துவிடும். பருத்தி நூல் கோரையை இறுக்கிப் பிடிக்கும், ஆனால் ஈரம் பட்டால் இற்றுப்போகும். இரண்டிலும் கரைத் தையல் இரட்டையாக இருப்பதையே எடுங்கள்.

பத்தமடைப் பாயின் சங்கதி வேறு. தாமிரபரணிப் பக்கத்துக் கோரையை நாட்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, இழை இழையாகக் கீறி, பருத்திப் பாவில் ஒவ்வொன்றாகக் குச்சியால் கோத்து நெய்கிறார்கள். நயமான பட்டுப் பாய் ஒன்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். கையால் தடவினால் துணியா புல்லா என்று சட்டென்று சொல்ல முடியாது. 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு அனுப்பியது இந்த ஊர்ப் பாயைத்தான். கல்யாணத்துக்கு வாங்குங்கள், பரிசாகக் கொடுங்கள். தினமும் படுத்துப் புரள அது வேண்டாம், அவ்வளவு மெல்லிய இழை தேய்மானம் தாங்காது. அதே ஊரில் தடித்த கோரையில் நெய்த சாதாரணப் பாய் கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம்.

படுப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. சாப்பிட்ட உடனே வேண்டாம், கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். நெஞ்செரிச்சல்காரர்கள் இடது பக்கம் சாய்ந்தால் சௌகரியம். அலாரம் இருபத்தைந்து நிமிஷத்துக்கு. மூன்று மணிக்குள் எழுந்துவிட்டால் ராத்திரித் தூக்கம் கெடாது. எலும்பு உறுத்துகிறது என்று மேலே கனமான மெத்தை போடாதீர்கள், காற்று அடைபட்டால் பாய்க்கு வேலையே இல்லை. இரண்டாக மடித்த பருத்திப் போர்வை போதும். மூட்டுவலி உள்ளவர்களுக்குப் பாயை நாங்கள் சொல்லமாட்டோம். தரையிலிருந்து எழும் சிரமத்தில் ஓய்வெடுத்த சுகமே போய்விடும். அவர்களுக்குக் கான்வாஸ் துணி போட்ட சாய்வு நாற்காலிதான் நல்லது.

கோரைப் பாய்க்கு முதல் எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் தரை ஈரம் அடியிலிருந்து ஏறும். நாள் முழுக்க விரித்தே போட்டால் ஒரே வாரத்தில் கரும்புள்ளி விழும். துடைத்தால் பூஞ்சை போகும், கறை போகாது. படுத்து எழுந்ததும் கால் மணி நேரம் கொடியில் போட்டு ஆறவிடுங்கள். உச்சி வெயிலில் மணிக்கணக்கில் காய்ந்தால் கோரை மொறுமொறுத்து உடையும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, நன்றாகப் பிழிந்த துணியால் கோரையின் போக்கிலேயே துடைத்தால் போதும். மடிக்காதீர்கள், மடிப்பு விழுந்த இடத்தில்தான் முதலில் முறியும். சுருட்டிக் கதவு மூலையில் நிமிர்த்தி வையுங்கள். கட்டிலுக்கு அடியில் கிடத்தினால் கரப்பான் குடியேறிவிடும்.