வழிகாட்டியா, வட்டமா?

பல்கலைக்கழகக் கணிதத் துறையில் சேரும் பெண்ணுக்கு எது கைகொடுக்கும்: மூத்தவர் ஒருவரின் வழிகாட்டலா, சக மாணவிகளின் வாராந்திரப் படிப்பு வட்டமா?

பரிந்துரைக் கடிதம், மாநாட்டு அழைப்பு எல்லாம் பெரும்பாலும் வழிகாட்டி மூலமே வரும். ஆனால் அது ஒற்றைத் தூண். 1915இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு வந்த கணிதவியலாளர் எம்மி நோதருக்கு, அங்கிருந்த புகழ்பெற்ற கணிதப் பேராசிரியர் ஹில்பர்ட்டே துணை நின்றார். அப்படியும் முதலில் ஹில்பர்ட் பெயரில்தான் வகுப்பெடுக்க முடிந்தது. சொந்தப் பெயரில் கற்பிக்கும் உரிமை 1919இல்தான் கிடைத்தது.

வட்டத்துக்கு அதிகாரம் கிடையாது. ஆனால், கணிதத்தில் எல்லையை (limit) துல்லியமாக வரையறுக்கும் முறையைப் பற்றி, "எப்சிலான்-டெல்டா எனக்கும் புரியலை" என்று ஒருத்தி வாய்விட்டுச் சொன்னால் போதும், மற்றவர்களுக்கும் கேள்வி கேட்கத் துணிச்சல் வரும். (வெறும் அரட்டையோடு கலைந்தால் பயனில்லை, கணக்குப் போட வேண்டும்.)

முதலாண்டுக்கு நான் வட்டத்தையே சொல்வேன். ஆய்வுப் படிப்பு நெருங்கும்போது வழிகாட்டியைத் தேடலாம்.