படர்தாமரைக்கு ஆறு வாரம் பூசிய குளோட்ரிமசோல் களிம்பு

செங்கோட்டையில் ஆனியும் ஆடியும் சாரல் காலம். ஆரியங்காவு வழியாகத் தென்மலைக்கு இருசக்கர வண்டியில் வேலைக்குச் சென்று திரும்பும் எனக்கு, அந்த இரண்டு மாதங்களில் உடுத்திய துணி முழுதாகக் காய்ந்த நாளே இல்லை. தொடை இடுக்கில் அரிப்பு தொடங்கியபோது வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டே பத்து நாளைக் கழித்தேன். அதற்குள் அது ஓரம் சிவந்து தடித்தும் நடுப்பகுதி தெளிந்தும் வளையமாக விரிந்துவிட்டது. உடன் வேலை செய்யும் மலையாளி நண்பர் பார்த்தவுடன் வட்டச்சொறி என்றார். நம் ஊர்ப் படர்தாமரைதான்.

மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய முதல் டியூபில், பூஞ்சைக்கான மருந்தோடு ஆன்டிபயாடிக்கும் குளோபெட்டசால் என்னும் வீரியமிக்க ஸ்டீராய்டும் கலந்திருந்தன என்பதை நான் படித்துப் பார்க்கவில்லை. இரண்டே நாளில் அரிப்பு நின்றதால் அதை அருமருந்து என்று வீட்டில் புகழவும் செய்தேன். பூசுவதை நிறுத்திய வாரத்திலேயே பற்று இரு மடங்காகப் படர்ந்து, வளையத்தின் வடிவமும் கலைந்து, பின்புறம் வரை ஏறியது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் மட்டும் அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளரவிடும் என்றும், தொடர்ந்து பூசினால் இடுக்குப் பகுதியின் தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழும் என்றும் தென்காசியில் தோல் மருத்துவர் விளக்கினார். வேறெதுவும் கலக்காத 1 சதவீதக் குளோட்ரிமசோல் என்னும் பூஞ்சை மருந்தைத்தான் அவர் எழுதிக் கொடுத்தார்.

இந்தக் களிம்பு வெள்ளையாக, வாசனையின்றி, துணியில் எண்ணெய்க் கறை படியாமல் இருக்கிறது. சொறிந்து புண்ணான இடத்தில் முதல் நாள் சற்று எரிந்தது. (ஆச்சி அரைத்துத் தந்த சீமை அகத்தி இலை எரிந்த எரிச்சலோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.) குளித்து ஈரம் போகத் துடைத்தபின், பற்றின் விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. வரை, காலையும் இரவும் மெல்லியதாகப் பூச வேண்டும். முதல் வாரம் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் எதுவும் இல்லை. முந்தைய டியூபின் வேகத்துக்குப் பழகியவர்கள் இதைத் தூக்கி எறிவது இந்தக் கட்டத்தில்தான். பூஞ்சை தன் செல் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெராலை உண்டாக்கவிடாமல் தடுப்பதே இம்மருந்தின் வேலை என்பதால் அது மெதுவாகத்தான் பலன் தருகிறது. எனக்கு இரண்டாம் வாரம் அரிப்பு தணிந்தது, மூன்றாம் வாரம் ஓரச் செதில் உதிர்ந்தது, நான்காம் வாரம் பழுப்புத் தடம் மட்டுமே எஞ்சியது. தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் பூசச் சொல்லியிருந்ததால் ஆறு வாரத்தை நிறைவு செய்தேன்.

குறை என்றால், பரந்த பற்றுக்கு 30 கிராம் டியூப் ஒன்று போதவில்லை. நாளுக்கு இரு வேளை என்பதும் மறதிக்காரர்களுக்குச் சிரமம். ஒரு வேளை பூசினால் போதும் என்னும் லூலிகோனசோல் களிம்பு விலை கூடுதல். டெர்பினாஃபின் என்னும் இன்னொரு பூஞ்சை மருந்து முன்பு பலன் தந்ததே என்று அதையே மீண்டும் வாங்குபவர்கள், 2020இல் பெயரிடப்பட்ட டிரைக்கோபைட்டான் இன்டோட்டினியே என்னும் பூஞ்சை வகை பல நேரங்களில் அதற்குக் கட்டுப்படுவதில்லை என்பதை அறிந்திருப்பது நல்லது. உடலில் பல இடங்களில் படர்ந்தவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் களிம்பு மட்டும் போதாமல் மாத்திரையும் தேவைப்படலாம். அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

என் மனைவிக்கும் இடுப்பில் ஒரு வளையம் இருந்ததால் இருவரும் ஒரே காலத்தில் பூசினோம், துண்டுகளைப் பிரித்தோம். ஒரு மாற்று உடை இப்போது தென்மலையிலேயே இருக்கிறது.