சிப்காட் வேலைக்கு எந்த ரெஸ்யூம்: வண்ணப் பட்டையா, வெறும் வேர்டு தாளா?

ஓசூர் சிப்காட்டில் தர ஆய்வாளர் வேலையிலிருந்து இன்னொரு தொழிற்சாலைக்கு மாறுவதற்காகச் சென்ற ஆண்டு என் ரெஸ்யூமைத் திருத்தி எழுதினேன். மூன்று வழிகள் இருந்தன. கிருஷ்ணகிரி ஜெராக்ஸ் கடைகளில் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துத் தரும் பழைய பயோடேட்டா ஒன்று. கேன்வா போன்ற தளங்களில் கிடைக்கும் இரண்டு பத்தி வடிவம் இன்னொன்று: இடப்பக்கம் வண்ணப் பட்டை, அதில் புகைப்படம், வலப்பக்கம் மற்றதெல்லாம். மூன்றாவது, வேர்டில் மேலிருந்து கீழாக ஒரே பத்தியாக ஓடும் தாள். நான் எடுத்தது மூன்றாவது. பாலிடெக்னிக் முடித்திருக்கும் மாமா மகனுக்கும் அதையே செய்து கொடுத்திருக்கிறேன். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பயோடேட்டாவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. தந்தை பெயர், மதம், சாதி, திருமண நிலை என்று பாதித் தாள் தீர்ந்த பிறகுதான் என்ன வேலை தெரியும் என்பதே வருகிறது. கல்யாணத் தரகரிடம் கொடுக்கச் சரியான தாள். யாராவது அதைத்தான் கேட்டால் கொடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில். பார்த்தவுடன் கவர்வது வண்ணத் தாள்தான், அதை மறுக்கவில்லை. “கலர் இருந்தால்தான் தம்பி எடுப்பாக இருக்கும்” என்று டிடிபி கடை அண்ணனும் சொன்னார். ஆனால் ரெஸ்யூமைப் பார்க்கிறவர் அதை ரசிப்பதற்காக எடுப்பதில்லை. லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்புத் தளம் 2018இல் வெளியிட்ட கண்ணசைவு ஆய்வில், ஆளெடுப்பவர்கள் ஒரு ரெஸ்யூமில் முதல் பார்வைக்குச் செலவிட்டது சராசரியாக 7.4 வினாடி. தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமில் மேசைக்கு முன்னால் வரிசை நீண்டிருக்கும்போது அதுகூடக் கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அந்தச் சில வினாடிகளில் கண் தாளின் இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குகிறது. கடைசியாக எங்கே வேலை, எத்தனை ஆண்டு, என்ன கருவி, என்ன படிப்பு: தேடுவது இவற்றைத்தான். வண்ணத் தாளில் அந்த இடது ஓரத்தில் இருப்பவை புகைப்படம், தெரிந்த மொழிகள், பொழுதுபோக்கு, பிறகு திறமைக்கு மதிப்பெண்ணாக நட்சத்திரங்கள். மைக்ரோமீட்டருக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் என்றால் என்ன பொருள்? 0.01 மில்லிமீட்டர் வரை அளவெடுக்கத் தெரியும் அல்லது தெரியாது. நான்கு நட்சத்திர அளவு என்று ஒன்று கிடையாது.

பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூமை முதலில் ஒரு மென்பொருள் படிக்கிறது. இரண்டு பத்திகளையும் சேர்த்துக் குறுக்கே படித்து வரிகளைக் கலந்துவிடும் மென்பொருள்களும் உண்டு. சோதிப்பது எளிது. பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தொலைபேசி எண் வேலை விவரத்துக்கு நடுவில் வந்து உட்கார்ந்தால் அந்தத் தாளை அனுப்ப வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. ரெஸ்யூம் ஒருமுறை செய்து அலமாரியில் வைக்கும் பொருள் அல்ல. டூவீலர் உதிரிபாகக் கம்பெனிக்குப் போகும்போது கேஜ் எனும் அளவுக் கருவிகளைக் கையாண்ட வேலை மேலே வர வேண்டும்; மின்னணுத் தொழிற்சாலைக்கு என்றால் உள்வரும் பொருள் ஆய்வு மேலே வர வேண்டும். நேர்காணலுக்கு அழைப்பு மாலையில் வரும், காலையில் தாள் கையில் இருக்க வேண்டும். வேர்டு தாளில் இரண்டு வரிகளை வெட்டி மேலே ஒட்டினால் மற்றவை தாமாக இறங்கிக்கொள்கின்றன. இரண்டு பத்தி வடிவத்தில் ஒவ்வொரு பகுதியும் தனிப் பெட்டி. வலப்பக்கம் ஒரு வரி கூடினால் கீழே உள்ள பெட்டியின் மேல் ஏறிக்கொள்கிறது. ஒவ்வொன்றையும் கையால் நகர்த்த வேண்டும். அனுபவம் கூடக் கூட வலப்பக்கம்தான் வளரும். இரண்டாம் பக்கம் போனதும் வண்ணப் பட்டை மட்டும் வெறுமையாக நிற்கும், பக்கத்தில் உள்ள பத்தியில் எழுத்து நெருக்கியடிக்கும். ஆண்டுக்கு ஆண்டு இந்தத் தொல்லை கூடத்தான் செய்யும்.

அச்சும் பராமரிப்பில் சேர்த்திதான். முகாமுக்குப் போனால் கட்டாகப் பிரதிகள் வேண்டும், ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளைதான் கட்டுப்படியாகும். கரும்பச்சைப் பட்டை அதில் கரும்புகையாக வருகிறது. அதன் மேலிருக்கும் வெள்ளை எழுத்தைப் படிக்கத் தாளைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

என் தாளில் பெயர் மட்டும் பெரிய எழுத்து. அதற்கு அடியில் ஒரே வரியில் ஊர், தொலைபேசி, மின்னஞ்சல். பிறகு “தர ஆய்வாளர்” என்று தடித்த எழுத்தில் ஒரு வரி, அதன் வலது ஓரத்தில் ஆண்டுகள். ஆண்டை ஓரத்துக்குத் தள்ள ஸ்பேஸ் பட்டனை வரிசையாகத் தட்டாமல் வலது டேப் (எழுத்தை வலது ஓரத்தில் நிறுத்தும் வேர்டு வசதி) வைத்தேன். ஸ்பேஸ் தட்டி நகர்த்தினால் எழுத்துருவை மாற்றியவுடன் ஆண்டுகள் ஆளுக்கொரு பக்கம் போய் நிற்கும். கீழே புள்ளியிட்ட வரிகள், ஒவ்வொன்றும் கருவி போன்ற திட்டவட்டமான விவரத்தோடு தொடங்கும்: “வெர்னியர், மைக்ரோமீட்டர், ஹைட் கேஜ் கொண்டு முதல் பொருள் ஆய்வு.” “பொறுப்புகளைத் திறம்படக் கவனித்தேன்” வகை வரிகளை எடுத்துவிட்டேன். எழுத்து 11 புள்ளி, சுற்றிலும் ஓர் அங்குல இடம். திருத்துவதற்கு வேர்டு கோப்பு என்னிடம், அனுப்புவதற்கு பிடிஎஃப்.

மாமா மகன் விஷயத்தில் மட்டும் வண்ணத் தாளுக்கு ஒரு நியாயம் இருந்தது. டிப்ளமோவும் ஒரு பயிற்சியும் மட்டுமே உள்ளவனுக்கு ஒற்றைப் பத்தித் தாள் பாதியிலேயே முடிந்துவிடுகிறது, பட்டை வைத்தால் பக்கம் நிறைந்ததுபோலத் தெரிகிறது. பாதித் தாள் போதும் என்பது என் எண்ணம். அவன் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. படிப்பை மேலே ஏற்றி, இறுதியாண்டு புராஜெக்ட்டில் அவன் கையால் செய்த பகுதியை மூன்று வரிகளில் எழுத வைத்திருக்கிறேன்.

நான் பேசுவது தொழிற்சாலை வேலைகளைப் பற்றித்தான். ஓசூரைத் தாண்டி பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் விளம்பர வடிவமைப்புக்கோ மென்பொருள் திரை வடிவமைப்புக்கோ விண்ணப்பிக்கிறவருக்கு வண்ணத் தாளே ஒரு மாதிரி வேலையாகக் கணக்கில் சேரலாம். அந்தப் பக்கம் நான் விண்ணப்பித்ததில்லை. அதில் இருக்கிறவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.