வியட்நாம் விசாவுக்கு முகவரிடம் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

கடந்த மாதம் திருச்சி விமான நிலையத்திலிருந்து, கட்டிய பெட்டியோடு 72 வயதான என் தாயாரைத் திரும்ப அழைத்துக்கொண்டு காரைக்குடி வந்து சேர்ந்தேன். விசாத் தாளில் அவருடைய பாஸ்போர்ட் எண்ணின் ஓர் இலக்கம் பிழையாக இருந்தது. அந்தப் பிழை எப்படி வந்தது, அதற்காக எங்களிடம் எவ்வளவு பணம் வாங்கப்பட்டது என்பதை நம் பகுதியினர் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். இந்த ஆண்டு வியட்நாமின் சைகோனுக்கும் (இன்றைய ஹோ சி மின் நகரம்) மலேசியாவின் பினாங்குக்கும் போகத் திட்டமிட்டிருக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே பல இருக்கின்றன.

தாயாரின் அப்பச்சி (தகப்பனார்) சைகோனுக்குக் கொண்டு விக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போனவர். கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, மூன்றாண்டுக் கணக்கு என்னும் பணித் தவணைகளாகப் பலமுறை போய் வந்து, கடையைப் பொறுப்பேற்று நடத்தும் மேலாளாக உயர்ந்தவர். அங்கே தோன் தாட் தியெப் தெருவில் உள்ள தண்டாயுதபாணி கோயிலைப் பற்றி அவர் சொல்லிச் சொல்லியே தாயார் வளர்ந்தார். "அப்பச்சி கும்பிட்ட முருகனை நானும் ஒருதரம் கும்பிட்டுட்டு வந்துர்றேன் தம்பி" என்று அவர் கேட்டது நெடுங்காலமாக நிறைவேறாமல் இருந்தது. 2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானம் வந்த பிறகு, சென்னைக்கோ கோலாலம்பூருக்கோ போய் மாற வேண்டிய அலைச்சல் இல்லை என்பதால், இனித் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

விசாவுக்காகக் காரைக்குடியில் உள்ள ஒரு பயண முகவரிடம் போனேன். பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நடவடிக்கை தொடங்கியிருக்கிறது. மிகுந்த மரியாதையோடு பேசினார். "அண்ணே, ஆச்சிக்கு வயசாயிருச்சு, எம்பசில கேள்வி கேப்பாக. நமக்கு அங்க தெரிஞ்சவுக இருக்காக, நான் பாத்துக்கிறேன்" என்றார். ஆளுக்கு 7,500 ரூபாய் தூதரகக் கட்டணம் என்றும், பயணத்துக்கு மூன்று வாரமே இருப்பதால் ஆளுக்கு மேலும் 2,000 ரூபாய் அவசரக் கட்டணம் என்றும் சொல்லி, மொத்தம் 19,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டதற்கு, கடையின் பெயரோ ஜிஎஸ்டி எண்ணோ இல்லாத ஒரு வெள்ளைத் துண்டுத் தாளில் "விசா ஃபீஸ் 19,000 வரவு" என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். எங்கள் இருவரின் அசல் பாஸ்போர்ட்டுகளையும் தூதரகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

இப்போது தெரிந்துகொண்டதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றுலாவுக்காக வியட்நாம் போகும் இந்தியர்கள் தூதரகத்தில் நிற்க வேண்டியதே இல்லை. அந்நாட்டு அரசின் இணையதளத்தில் நாமே விண்ணப்பித்து இ-விசா வாங்கிக்கொள்ளலாம். ஒருமுறை நுழைவதற்கான கட்டணம் 25 அமெரிக்க டாலர், அதாவது நம் பணத்தில் ஏறத்தாழ 2,200 ரூபாய். பலமுறை நுழைய 50 டாலர். 2023 ஆகஸ்ட் 15 முதல் இந்த விசா 90 நாள் வரை கொடுக்கப்படுகிறது. விண்ணப்பம் சேர்ந்து மூன்று வேலை நாளில் முடிவு சொல்வதாக அரசு அறிவித்திருக்கிறது. சனி, ஞாயிறு, அந்நாட்டு விடுமுறை நாள்கள் இந்தக் கணக்கில் வராது என்பதால் சற்று முன்கூட்டியே செய்வது நல்லது. அசல் பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்க வேண்டிய அவசியம் கிடையாது. பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தையும், கண்ணாடி அணியாமல் எடுத்த முகப் படத்தையும் பதிவேற்றினால் போதும். ஆக, எங்கள் இருவருக்கும் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் ஆகியிருக்க வேண்டிய வேலைக்கு 19,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம். முகவர் தம் உழைப்புக்குக் கூலி வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. அதைக் கூலி என்று சொல்லாமல் தூதரகக் கட்டணம் என்று சொல்லி வாங்கியதைத்தான் ஏமாற்று என்கிறேன்.

பதினைந்து நாள் கழித்தும் விசா வரவில்லை. கேட்கும்போதெல்லாம் "எம்பசில லேட்டுண்ணே" என்ற பதில்தான். புறப்படுவதற்கு முதல் நாள் மாலை பாஸ்போர்ட்டுகள் கைக்கு வந்தன. இரவு பத்து மணிக்கு மேல் இரண்டு விசாக்களும் வாட்ஸ்அப்பில் வந்தன. விசா வந்துவிட்ட நிம்மதியில் பயணத் தேதியை மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையைத் திறக்கச் சொல்லி அச்செடுத்துக்கொண்டேன். ஒவ்வோர் எழுத்தையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். செய்யாதது என் தவறு, அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

விமான நிலையத்தில் பெட்டியை எடை போடும் மேடையில் வைத்த பிறகு, அங்கிருந்த பெண் அலுவலர் தாயாரின் பாஸ்போர்ட்டையும் விசாத் தாளையும் அருகருகே வைத்து, பேனா முனையால் எண்ணை இலக்கம் இலக்கமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஓர் எழுத்து, அதன்பின் ஏழு இலக்கங்கள். ஐந்தாவது இலக்கத்தில் பேனா நின்றது. பாஸ்போர்ட்டில் 6, தாளில் 8. மீண்டும் முதலிலிருந்து தொட்டு வந்தார். அதே இடத்தில் மீண்டும் நின்றது. பிறகு பெயரைப் பார்த்தார். பாஸ்போர்ட்டில் தாயாரின் பெயரோடு என் தகப்பனாரின் பெயரும் முழுமையாக இருக்கிறது. விசாவில் தகப்பனார் பெயருக்குப் பதில் ஒற்றை இனிஷியல். "அம்மா, இந்த விசா உங்க பாஸ்போர்ட்டுக்கு இல்லையே" என்று அவர் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். செல்லாத விசாவோடு ஒருவரை ஏற்றிச் சென்றால் திருப்பி அழைத்து வரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால், அவரால் வேறொன்றும் செய்திருக்க முடியாது. என் விசா சரியாகவே இருந்தது. ஆனால் யாருக்காக அந்தப் பயணமோ அவரை விட்டுவிட்டு நான் எங்கே போவது? தாயார் கோயிலுக்கென்று மஞ்சள் பையில் எடுத்து வந்திருந்த பட்டுத் துண்டை மடியில் வைத்தபடி, புதுக்கோட்டை தாண்டும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் முகவரிடம் கேட்டபோது, "அது வியட்நாம்காரங்க பண்ணுன தப்புண்ணே, நாம என்ன செய்ய முடியும்?" என்றார். இது உண்மையல்ல. இ-விசாவில் அச்சாகும் பெயரும் எண்ணும் விண்ணப்பத்தில் தட்டச்சு செய்யப்பட்டவைதான். அப்படியானால் அனுப்பிய விண்ணப்பத்தைக் காட்டுங்கள் என்றேன், காட்டவில்லை. விண்ணப்பத்தின் நிலையை அரசு தளத்தில் பார்ப்பதற்குப் பதிவுக் குறியீடு, பிறந்த தேதி, விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சல் முகவரி ஆகிய மூன்றும் வேண்டும். அவர் தம் மின்னஞ்சலைக் கொடுத்து விண்ணப்பித்திருந்ததால், எங்கள் விசா எந்த நாளில் தயாரானது என்பதைக்கூட எங்களால் பார்க்க முடியாமல் போயிற்று. யாரிடம் கொடுத்துச் செய்தாலும் உங்கள் சொந்த மின்னஞ்சலையே கொடுக்கச் சொல்லுங்கள். விண்ணப்பித்த அன்றே பதிவுக் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள். நேர்மையாகத் தொழில் செய்கிற முகவர் இதற்குத் தயங்க மாட்டார்.

நாமே செய்யலாம் என்று தேடுகிறவர்களுக்கும் ஓர் ஆபத்து இருக்கிறது. தேடினால் முதலில் வந்து நிற்பவற்றில் பல, கொடியும் முத்திரையுமாக அரசு தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள். பல மடங்கு கட்டணம் கேட்பவை. வியட்நாம் அரசின் தள முகவரி ஜி-ஓ-வி புள்ளி வி-என் என்று முடியும். அப்படி முடியாத எதிலும் அட்டை எண்ணைத் தட்டாதீர்கள். போலித் தளத்தில் ஏற்கெனவே பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

எங்களுக்கு நடந்ததைக் கேட்டு, கண்டனூரிலிருந்து ஓர் உறவினர் பேசினார். தைப்பூசத்துக்குப் பினாங்கு போகும்போது இதே முகவர் அவரிடம் மலேசிய விசாவுக்கென்று 3,500 ரூபாய் வாங்கியிருக்கிறார். சுற்றுலாவாகப் போகும் இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை மலேசியாவில் விசாவே தேவையில்லை. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை ஒன்று மட்டும் உண்டு, அதுவும் இலவசம். அந்த இலவச அட்டையை அச்செடுத்துக் கொடுத்துத்தான், இதுதான் விசா என்று சொல்லியிருக்கிறார். வயதானவர்களிடம், அதுவும் சாமி கும்பிடப் போகிறவர்களிடம் இப்படிச் செய்ய எப்படி மனம் வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

விசாப் பணம் 19,000 ரூபாயோடு, திருப்பித் தரப்படாத விமானச் சீட்டுப் பணமும், விடுதியின் முதல் நாள் வாடகையும் போயின. முகவர் 3,000 ரூபாய் தருவதாகச் சொன்னார், நான் வாங்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிந்தேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. துண்டுத் தாள், வாட்ஸ்அப் உரையாடல், பிழையான விசா, பயன்படாத விமானச் சீட்டு எல்லாவற்றையும் படியெடுத்து இணைத்து முகவருக்கு விரைவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினேன். அவர் கையெழுத்திட்டு வாங்கிய ஒப்புகை அட்டை போன வாரம் திரும்பி வந்தது. நான் கொடுத்த கெடு இம்மாத இறுதியில் முடிகிறது. அதற்குள் பணம் வராவிட்டால் சிவகங்கை மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்கப் போகிறேன். இதேபோன்ற வெள்ளைத் துண்டுத் தாள் உங்கள் வீட்டிலும் இருந்தால், தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.