சென்னை – சான்பிரான்சிஸ்கோ: பிரீமியம் எகானமிக்கு யாரிடம் டிக்கெட் எடுப்பது?

பிள்ளைகள் கலிபோர்னியாவில், பெற்றோர் சென்னையில். இப்படிப்பட்ட குடும்பங்களில் ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தப் பேச்சு வந்துவிடும். பிசினஸ் கிளாஸ் கட்டுப்படியாகாது, எகானமியில் அப்பாவின் முட்டி தாங்காது, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பிரீமியம் எகானமியை யாரிடம் வாங்குவது? சென்னையிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு நேரடி விமானம் இல்லை. சிங்கப்பூர், துபாய், லண்டன், பிராங்பர்ட் என்று எங்கேயாவது இறங்கி மாறித்தான் போக வேண்டும். எங்கே இறங்குகிறீர்கள் என்பதை வைத்துத்தான் கொடுத்த காசுக்கு எத்தனை மணி நேரம் அந்த நல்ல இருக்கையில் உட்காரப்போகிறீர்கள் என்பதும் முடிவாகும். விமான நிறுவனத்தின் பேரைவிட நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸை எடுத்துக்கொள்வோம். பேர் பெரிது, உபசரிப்பும் அப்படியே. ஆனால் சென்னை – சிங்கப்பூர் பயணத்துக்கு வழக்கமாக வரும் விமானங்களில் பிசினஸ், எகானமி இரண்டு வகுப்புகள்தான். டிக்கெட்டில் பிரீமியம் எகானமி என்று போட்டிருந்தாலும் முதல் நான்கு மணி நேரம் எகானமி இருக்கைதான். அப்புறம் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் மாறி ஏறும் ஏ350 விமானத்தில்தான் கதை மாறுகிறது. போகும்போது சுமார் 15 மணி நேரம், திரும்பும்போது எதிர்காற்றில் 17 மணி நேரம் வரை ஒரே இருக்கை. முன் இருக்கைக்கும் நமக்கும் நடுவே 38 அங்குலம், கால் தாங்கி, 13.3 அங்குலத் திரை. சாப்பாட்டை முன்கூட்டியே இணையத்தில் தேர்ந்தெடுத்து வைக்கும் வசதியும் உண்டு. சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

பிரிட்டிஷ் ஏர்வேஸிலும் லுஃப்தான்ஸாவிலும் கணக்கே வேறு. சென்னையிலிருந்து லண்டனுக்கோ பிராங்பர்ட்டுக்கோ பத்து மணி நேரத்தை ஒட்டி, அங்கிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் பதினொன்று. இரண்டு பாதியிலும் பிரீமியம் எகானமி கேபின் இருக்கிறது. ஆக, எகானமியைவிடக் கூடுதலாக 60,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், சிங்கப்பூர் வழியில் 15 மணி நேரத்துக்கு மணிக்கு 4,000 ரூபாய் விழுகிறது. ஐரோப்பா வழியில் 21 மணி நேரத்துக்கு 2,900-க்கும் குறைவு. உங்களுக்குத் திரையில் காட்டும் விலையைப் போட்டு இதே கணக்கைப் பாருங்கள். மலிவாகத் தெரிந்த டிக்கெட் சில நேரம் அவ்வளவு மலிவில்லை என்று தெரியும்.

இருக்கை அகலம் எல்லோரிடமும் காகிதத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். பக்கவாட்டில் எத்தனை பேர் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். சென்னைக்கு வரும் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 787 விமானத்தில் எகானமியில் ஒரு வரிசைக்கு ஒன்பது பேர், பிரீமியத்தில் 2-3-2 என்று ஏழு பேர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ350-ல் ஒன்பது, எட்டாக மட்டுமே குறைகிறது: 2-4-2. முழங்கை இடிபடுகிற இடம் இதுதான். ஆனால் கணவனும் மனைவியுமாகப் போகிறவர்களுக்கு இரண்டிலுமே ஜன்னலோர ஜோடி இருக்கை உண்டு, மூன்றாவது ஆளைத் தாண்டிக் கழிப்பறைக்குப் போகும் அவஸ்தை இல்லை. ஒன்று, அந்த ஏ350-ல் பொதுவாக மொத்தமே 24 பிரீமியம் இருக்கைகள், மூன்று வரிசை. ஜன்னலோர ஜோடி என்று பார்த்தால் ஆறுதான். தாமதித்தால் கிடைக்காது.

முன்வரிசை வேண்டும் என்று பலர் அடம்பிடிப்பார்கள். கால் நீட்ட இடம், முன்னால் யாரும் சாயமாட்டார்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் அங்கே சாப்பாட்டுத் தட்டும் திரையும் கைப்பிடிக்குள்ளிருந்து வரும், கைப்பிடியை மேலே தூக்க முடியாது. மாத்திரை டப்பாவும் கண்ணாடியும் இருக்கிற கைப்பையை ஏறும்போதும் இறங்கும்போதும் மேலே வைக்கச் சொல்லிவிடுவார்கள், முன்னால் இருக்கை இல்லையே. அம்மாவுக்கு இரண்டாவது வரிசைதான் சரி என்பேன்.

எமிரேட்ஸை விடக் கூடாது. வெறும் இருக்கையை மட்டும் வைத்துப் பரிசு கொடுப்பதென்றால் அவர்களுக்குத்தான்: ஏ380-ன் கீழ்த்தளத்தில் முன்பக்கம் 56 இருக்கைகள், 40 அங்குல இடைவெளி, 19.5 அங்குல அகலம். சிக்கல், சிங்கப்பூர் ஏர்லைன்ஸைப் போலவே, சென்னை – துபாய் பகுதியில். அந்த விமானத்தில் பிரீமியம் கேபின் இருக்கிறதா என்பதைப் புக்கிங் பக்கத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகத் திறந்து பார்க்க வேண்டும்.

பெட்டி எடை பற்றி நிறையப் பேர் தப்புக்கணக்கு போடுகிறார்கள். அமெரிக்கப் பயணத்துக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமியிலேயே 23 கிலோ பெட்டி இரண்டு தருகிறது. பிரீமியத்திலும் அதே இரண்டுதான். ஊறுகாய்க்கும் பருப்புப் பொடிக்கும் கூடுதல் இடம் கிடைக்கும் என்று காசு கொடுக்காதீர்கள்.

விசா விஷயம்: செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் லண்டனிலோ பிராங்பர்ட்டிலோ விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்குத் தனி விசா வேண்டாம். அதே சமயம், லண்டனில் இறங்கி நாலு நாள் உறவினர் வீட்டில் தங்கிவிட்டுப் போகலாம் என்று திட்டமிட்டால் பிரிட்டன் விசாவோடு செலவும் கூடும். 24 மணி நேரத்துக்கு மேல் தங்கிவிட்டு அங்கிருந்து கிளம்புகிறவர்களுக்கு விமானப் பயணி வரி உண்டு. அமெரிக்கா போகிறவருக்கு 2026 ஏப்ரல் முதல் எகானமியில் 102 பவுண்டு, பிரீமியம் எகானமியில் 244 பவுண்டு. அவர்கள் கணக்கில் பிசினஸும் பிரீமியமும் ஒரே தட்டு!

சரி, யாரிடம் எடுப்பது? அறுபது தாண்டிய பெற்றோர் என்றால் நான் லண்டன் வழியைச் சொல்வேன். இரண்டு பாதியிலும் நல்ல இருக்கை, நடுவில் எழுந்து நடந்து கால் வீக்கம் வடிய ஒரு இடைவேளை. லண்டனிலிருந்து ஏ380 போட்டிருந்தால் இன்னும் நல்லது, அதில் பிரீமியம் கேபின் மேல்தளத்தில், 2-3-2. ஆனால் இருக்கையை முன்கூட்டியே தேர்வு செய்ய பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெரும்பாலும் தனிக்காசு கேட்கும், இலவசம் என்பது புறப்பட 24 மணி நேரம் முன்புதான். பெற்றோருக்கு அந்தக் காசைப் பார்க்க வேண்டாம். லுஃப்தான்ஸா இதற்குச் சமம்தான், நள்ளிரவு தாண்டிப் புறப்படுவதும் பிராங்பர்ட்டின் நீண்ட நடையும் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவே. முதல் தடவை தனியாகப் போகிற, ஆங்கிலம் தடுமாறுகிற அம்மா என்றால் மட்டும் மனதை மாற்றிக்கொண்டு சிங்கப்பூர் என்பேன். சாங்கியில் வழி கேட்கத் தமிழ் பேசுகிற ஒருவர் கிடைப்பார் என்ற தைரியம் இருக்கிறது.

வழி எதுவானாலும் வீல்சேரை டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள். விமான நேரம் மாறியதாக மின்னஞ்சல் வந்தால் விமான வகையும் மாறியிருக்கிறதா, பிடித்து வைத்த இருக்கை எண் அப்படியே இருக்கிறதா என்று அன்றைக்கே திறந்து பாருங்கள்.